எரிமலையில் எது எரிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமை தோறும் புவியியல் வகுப்பு எடுக்கிறேன். பாடத்தில் எரிமலைக்குச் சில பக்கங்கள்தான். பிள்ளைகளின் கேள்விகளோ வகுப்பு முடிந்து, வாசலில் பெற்றோர் வந்து நின்ற பிறகும் தொடரும். பிறகு பெற்றோரும் கேட்கத் தொடங்குவார்கள். பல ஆண்டுகளாகக் கொப்பியில் குறித்து வைத்தவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் கேள்வியை இயன்றவரை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எரிமலையில் எது எரிகிறது?

எதுவும் எரிவதில்லை. விறகு எரியும்போது அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சாம்பலாகிறது. எரிமலையிலிருந்து வழியும் செந்நிறக் குழம்பு உருகிய பாறை மட்டுமே. கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பு எதனால் சிவந்து ஒளிர்கிறதோ, அதனால்தான் இதுவும் ஒளிர்கிறது. அதன் வழியில் அகப்படும் மரமும் வீடும் எரியும், குழம்பு எரியாது.

மேலே எழும் கரிய மேகமும் புகை அன்று. நீராவி, வேறு வாயுக்கள், மா போன்ற பாறைத் தூள் ஆகியவற்றின் கலவை அது. அந்தத் தூளைச் சாம்பல் என்கிறோம். அடுப்புச் சாம்பலை விரலிடையில் தேய்த்தால் மிருதுவாக இருக்கும். எரிமலைச் சாம்பலோ கண்ணாடித் துகள். தோலைக் கீறும், கண்ணை அறுக்கும், தண்ணீரில் கரையாது.

பெயரில் ‘எரி’ இருப்பதால் நேரும் இந்தக் குழப்பத்தைப் பிள்ளைகள் மேல் சுமத்த முடியாது. ஆனால் தமிழில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: குமுறுதல். வானம் குமுறும், மனம் குமுறும். உள்ளே அடைபட்ட ஒன்று வெளியேற வழி தேடுவதை அந்தச் சொல் அழகாகக் காட்டிவிடுகிறது. எரிமலையில் நடப்பதும் அதுதான். வகுப்பில் ‘எரிமலை குமுறியது’ என்று எழுதுபவர்களை நான் மனமாரப் பாராட்டுவேன்.

பூமிக்குள் முழுவதும் நெருப்புக் குழம்புதானே? நாங்கள் அதன் மேல் மிதக்கிறோமா?

இல்லை. நம் காலடியில் இருப்பது புவியோடு. கண்டங்களுக்குக் கீழே அது பெரும்பாலும் 30 முதல் 50 கிலோமீற்றர் தடிப்பு; கடலுக்குக் கீழே ஏறக்குறைய 7 கிலோமீற்றர்தான். அதற்கும் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை மூடகம் எனப்படும் படை. அது கடுமையான சூட்டில் இருந்தாலும் கிட்டத்தட்ட முழுவதும் திண்மப் பாறையே. மிக மெதுவாக, நம் நகம் வளரும் வேகத்தில் அது நகர்கிறது. அதற்கும் உள்ளே உருகிய இரும்பு இருக்கிறது. ஆனால் எரிமலைக் குழம்பு அங்கிருந்து வருவதில்லை.

அப்படியானால் திண்மப் பாறை எங்கே, எப்படி உருகுகிறது? இதற்குக் குக்கரை எடுத்துக்கொள்வேன். மூடிய குக்கருக்குள் தண்ணீர் 100 பாகையைத் தாண்டிச் சூடாகியும் தண்ணீராகவே இருக்கிறது. அமுக்கம் அதைக் கொதிக்க விடுவதில்லை. அமுக்கம் திடீரென்று குறைந்தால், புதிதாகச் சூடேற்றாமலே அது பொங்கி எழும். (இதை யாரும் செய்து பார்க்கக் கூடாது.) மூடகப் பாறையின் நிலையும் இதுபோன்றதே. அதனிடம் உருகப் போதிய சூடு இருக்கிறது. மேலிருக்கும் பாறையின் பாரம் உருக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. புவியோடு, தகடுகள் எனப்படும் பெரிய துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தில் அந்தப் பாறை மேலெழும். பாரம் குறையும். சூடு கூடாமலே அதன் ஒரு பகுதி உருகிவிடும். ஐஸ்லாந்திலும் பெருங்கடல்களின் நடுவே ஓடும் மலைத்தொடர்களிலும் இப்படித்தான் நடக்கிறது.

இன்னொரு வழி தண்ணீர். மீன்கடையில் ஐஸ் கட்டி மேல் உப்பைத் தூவினால், குளிர் குறையாமலே ஐஸ் உருகுவதைப் பார்த்திருப்பீர்கள். பாறைக்குத் தண்ணீர் அந்த உப்பைப் போன்றது. கடலடித் தகடு ஒன்று இன்னொரு தகட்டின் கீழே புதையும்போது, தன் கனிமங்களுக்குள் பிணைந்த நீரையும் கொண்டு போகிறது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலே உள்ள சூடான பாறையில் ஏற, பாறையின் உருகுநிலை இறங்குகிறது. இந்தோனேசியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், அந்தீஸ் மலைகள் ஆகியவற்றின் எரிமலைகள் இந்த வகை.

உருகிய பாறை நிலத்துக்குள் இருக்கும்வரை அதன் பெயர் மக்மா. வெளியே வந்துவிட்டால் லாவா. பொருள் ஒன்றே, ஆனால் வெளியே வரும்போது வாயுவின் பெரும்பகுதியை அது இழந்துவிடுகிறது.

சரி, அது ஏன் வெடிக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் எல்லாக் கேள்விகளும் வருகின்றன என்று நினைக்கிறேன்.

மக்மா சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது. ஆகவே மேலேறுகிறது, சில கிலோமீற்றர் ஆழத்தில் ஓர் இடத்தில் தேங்கி நிற்கிறது. அதற்குள் நீராவி, காபனீரொட்சைட்டு, கந்தகவீரொட்சைட்டு ஆகியவை கரைந்திருக்கின்றன. நிறையில் சில சதவீதம்தான். அமுக்கம் இருக்கும்வரை அவை வெளியே தெரியாது.

மூடிய சோடாப் போத்தலை உற்றுப் பாருங்கள். குமிழி ஒன்றும் தெரியாது. மூடியைத் திருகியதும் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை, உடனே ஆயிரம் குமிழிகள். போத்தலுக்குள் புதிதாக எதுவும் நுழையவில்லை. அமுக்கம் மட்டும் குறைந்தது. மக்மா மேலேற ஏற இதுவே நடக்கிறது. கரைந்திருந்த வாயு குமிழியாகப் பிரிகிறது. மேலே போகப் போகக் குமிழி ஊதுகிறது. கரைந்த நீர் நிலப்பரப்பு அமுக்கத்தில் ஆவியாக விரிந்தால் ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கும். ஒரு கட்டத்தில் அது குமிழிகள் உள்ள குழம்பாக இராமல், குழம்புத் துளிகளைச் சுமந்த வாயுவாக மாறிவிடுகிறது. அந்தக் கணத்தில்தான் வெடிப்பு. ஒலியைவிட வேகமாகவும் அது வாயைவிட்டுப் பாயக்கூடும்.

குதிகாலைத் தேய்க்கும் நுரைக்கல் வீட்டில் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். இயற்கையான நுரைக்கல் என்றால், அதிலுள்ள துளை ஒவ்வொன்றும் ஒரு வாயுக் குமிழி இருந்த இடம். பொங்கிய சோடா அப்படியே கல்லாக உறைந்தது போன்ற பொருள் அது. தண்ணீரில் மிதக்கும்.

சில எரிமலைகளில் ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். சில ஊரையே அழிக்கின்றன. ஏன்?

குழம்பின் தடிப்புத்தான் காரணம். பாறைக் குழம்பில் சிலிக்கா என்ற பொருள் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது பிசுபிசுக்கும். ஹவாயின் பசால்ட்டுக் குழம்பில் சிலிக்கா பாதியளவு. சூடு 1,100 முதல் 1,200 பாகை. கித்துள் பாணி போல ஓடும். வாயு இலகுவாகப் பிரிந்து போய்விடும். அங்குள்ள கிலாவியா எரிமலை 1983 முதல் 2018 வரை ஏறக்குறைய இடைவிடாமல் வழிந்துகொண்டிருந்தது. சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டிய குழம்போ சூடும் குறைந்தது, களி போன்றது. குமிழியை வெளியே விடாது.

ஒடியற் கூழ் காய்ச்சியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெறும் தண்ணீர் கொதித்தால் சலசலக்கும். கூழ் தடித்து வரும்போது குமிழி மெல்ல எழும்பி, உப்பி, ‘பொளக்’ என்று வெடித்துக் கையில் தெறிக்கும். அடுப்பு ஒன்றுதான், சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். தடிப்பு வேறு.

ஆனாலும் ‘அமைதியான எரிமலை’ என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. நியூசிலாந்தின் வாக்காரி தீவுக்கு உல்லாசப் பயணிகள் வழமையாகப் போய் வந்தார்கள். 2019 டிசம்பர் 9 அன்று அது திடீரென்று வெடித்தது; 22 பேர் இறந்தார்கள்.

எரிமலைகள் எங்கெங்கே இருக்கின்றன?

பெரும்பாலும் தகடுகளின் விளிம்பில். பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள ‘நெருப்பு வளையம்’ அவற்றில் மிகப் பெரும் பங்கைக் கொண்டது. நிலத்தில் மட்டும், இன்றும் குமுறக்கூடியவை 1,300க்கு மேல். எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் உலகில் ஏறக்குறைய 40, 50 எரிமலைகள் செயற்பட்டுக்கொண்டிருக்கும். தகட்டின் நடுவேயும் சில உண்டு, ஹவாய் அப்படி. ஆழத்திலிருந்து எழும் சூட்டுத் தூண் ஒன்றின் மேல் பசிபிக் தகடு நகர்ந்துகொண்டே போக, தீவுகள் வரிசையாக உருவாகியிருக்கின்றன.

உலகில் வெளிவரும் குழம்பின் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாமல் கடலுக்கடியில் வெளிவருகிறது. நம் பழைய இலக்கியங்கள் கடலுக்குள் இருக்கும் வடவைத் தீ என்று ஒன்றைப் பாடுகின்றன. ஊழி முடிவில் அது எழுந்து உலகை அழிக்கும் என்பது நம்பிக்கை. அதை அறிவியல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடலடி எரிமலைகளைச் சொல்லிக்கொடுக்கும்போது அந்தச் சொல்லை எடுத்தால், பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்க்கிறேன்.

கொழும்புக்கு மிக அருகில் இன்றும் குமுறும் எரிமலை என்றால் அந்தமானிலுள்ள பாரன் தீவு. கடல் மேல் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். நீண்ட காலம் அடங்கியிருந்த அது 1991இல் மறுபடி குமுறத் தொடங்கியது.

இலங்கையில் எரிமலை இருக்கிறதா? சிவனொளிபாதமலை எரிமலை மாதிரித்தானே இருக்கிறது?

இலங்கையில் எரிமலை இல்லை. நாம் இருப்பது தகட்டின் உட்பகுதியில். விளிம்பு தொலைவில், சுமாத்திராவுக்கு அருகே இருக்கிறது. தீவின் பெரும்பகுதி, ஆழத்தில் சூட்டாலும் அமுக்கத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறை. அந்த உருமாற்றம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையும் இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒரே நிலமாக ஒட்டிய காலத்தில் நடந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு மட்டும் வேறு கதை: அது கடலில் படிந்த சுண்ணக்கல்.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். தூரத்திலிருந்து பார்த்தால் கூம்பு போலவே தெரியும். காலை வெயிலில் அதன் நிழலும் முக்கோணமாக விழும். ஆனால் எரிமலை தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது: வெளிவரும் குழம்பும் சாம்பலும் படை படையாகக் குவிந்து மலையாகும். சிவனொளிபாதமலையோ செதுக்கப்பட்டது. மழையும் ஆறும் சுற்றியிருந்ததை அரித்துப் போக, வன்மையான பாறை மிஞ்சி நிற்கிறது. ஒன்று கொத்தன் வேலை என்றால் மற்றது சிற்பியின் வேலை.

சிகிரியாவைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். ‘எரிமலைக் குழாயில் உறைந்த குழம்பு’ என்று சுற்றுலாக் கைநூல்களிலும் அழைத்துச் செல்பவர்களின் பேச்சிலும் கேட்டிருக்கிறார்கள். பாறையைப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது. அதுவும் உருமாறிய கருங்கல்தான்; சுற்றியிருந்தவை அரிபட்டுப் போன பின் தனித்து நிற்கும் குன்று. இந்த நாட்டின் பிள்ளைகள் இந்த நாட்டின் பாறையைப் பற்றித் தவறாகப் படித்து வளர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கன்னியா வெந்நீரூற்று எப்படி? அடியில் எரிமலை இல்லாமல் எப்படிச் சுடும்?

திருகோணமலைக்குப் போய்வந்த குடும்பங்கள் எல்லாம் கேட்கும் கேள்வி. பூமிக்குள் இறங்க இறங்க, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை சூடு கூடும். இது எரிமலை இல்லாத இடத்திலும் பொருந்தும். மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, வேறொரு பிளவு வழியே விரைவாக மேலே வந்தால் அதுவே வெந்நீரூற்று. கன்னியாவின் ஏழு கிணறுகளின் சூடு ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுவதற்கும், வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கூடக்குறையக் கலப்பதே காரணமாகலாம். மகாஓயா, மகாபெலஸ்ஸ போன்ற மற்ற வெந்நீரூற்றுகளும் தீவின் இரண்டு பெரிய பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே பெரும்பாலும் அமைந்திருக்கின்றன.

இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் குத்திய ஏழு இடங்கள் என்ற ஐதிகத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கதையையும் பிளவுகளையும் சேர்த்தே வகுப்பில் சொல்கிறேன்.

இரத்தினபுரிக் கற்கள் எரிமலையிலிருந்து வந்தவையா?

இல்லை. உருமாறிய பாறைகளில் பிறந்து, அரிபட்டு, ஆற்றுச் சரளையில் சேர்ந்தவை. எரிமலையோடு உறவுள்ள கல் வைரம்: மிக ஆழத்தில் பிறந்த அதைப் பழங்கால எரிமலைக் குழாய்கள் மேலே கொண்டுவந்தன.

லாவாவில் அகப்பட்டு நிறையப் பேர் இறப்பார்கள் அல்லவா?

மிகக் குறைவு. லாவா பெரும்பாலும் நடந்தே தப்பக்கூடிய வேகத்தில்தான் வரும். வீட்டை விழுங்கும், ஆளைத் துரத்திப் பிடிப்பது அரிது. உயிர்களை எடுப்பவை வேறு, அவற்றைப் படங்களில் யாரும் சரியாகக் காட்டுவதில்லை.

முதலாவது, சுடுசாம்பல் வெள்ளம். பல நூறு பாகைச் சூட்டில் வாயுவும் சாம்பலும் கற்களும் கலந்து, மலைச்சரிவில் மணிக்கு 100 கிலோமீற்றரையும் தாண்டி இறங்கும் பெருக்கு அது. 1902 மே 8 காலை, கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் மொன்ட் பெலே எரிமலையிலிருந்து இறங்கிய இத்தகைய பெருக்கு செயின்ட் பியேர் நகரைச் சில நிமிடங்களில் அழித்தது. ஏறத்தாழ 28,000 பேர். தப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். கி.பி. 79இல் வெசுவியஸ் அடிவாரத்துப் பொம்பெய் நகருக்கும் முடிவு இப்படித்தான் வந்தது.

மற்றது சேற்றுப் பெருக்கு. ஜாவா மொழிச் சொல்லான லகார் என்பதையே உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். மலையிலுள்ள பனியோ மழையோ சாம்பலோடு கலந்து, ஈரச் சீமெந்து போல ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே பாயும். 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் குமுறியது. பெரிய வெடிப்பு அன்று. ஆனால் உச்சிப் பனி உருகியது. இரண்டரை மணி நேரத்தின் பின், பல பத்துக் கிலோமீற்றர் தள்ளியிருந்த ஆர்மெரோ நகரம் சேற்றில் புதைந்தது. மொத்தம் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். ஆபத்து வரைபடம் அதற்கு முன்பே வரையப்பட்டிருந்தது. அதில் ஆர்மெரோ சேறு வரும் வழியில்தான் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டரை மணி நேரம். மேட்டு நிலத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

மலையகத்தில் உறவுகள் உள்ள பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணில் புதைந்ததை அவர்கள் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். அது எரிமலை அன்று, மழையால் வந்த மண்சரிவு. ஆனால் மலையிலிருந்து மண்ணும் நீரும் சேர்ந்து இறங்கினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வாயுவும் கொல்லும். 1986 ஓகஸ்ட் 21 அன்று கமரூனில், எரிமலைவாயில் தேங்கிய நியோஸ் ஏரியிலிருந்து காபனீரொட்சைட்டு திடீரென்று பொங்கி வெளியேறி, பள்ளத்தாக்கில் படர்ந்தது. உறக்கத்திலிருந்தவர்கள் உட்பட ஏறத்தாழ 1,700 பேர் மூச்சடைத்து இறந்தார்கள். அன்று வெடிப்பும் இல்லை, குழம்பும் இல்லை.

கிரக்கட்டோவா வெடித்தபோது இலங்கையில் ஏதாவது நடந்ததா?

நடந்தது. இந்தோனேசியாவில் சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள அந்தத் தீவு 1883 ஓகஸ்ட் 27 காலை வெடித்துச் சரிந்தது. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள்; பெரும்பாலோரைக் கொன்றது அது எழுப்பிய ஆழிப்பேரலை. ஓசை ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் தள்ளியிருந்த ரொட்ரிகஸ் தீவில் பீரங்கி முழக்கம் போலக் கேட்டது. காற்றமுக்க அலை உலகைப் பல தடவை சுற்றியதை அமுக்கமானிகள் பதிவுசெய்தன.

அன்று பிற்பகல் காலித் துறைமுகத்தில் கடல் பின்வாங்கியது. கரையில் கட்டியிருந்த வள்ளங்கள் சில நிமிடம் வெறுந்தரையில் நின்றன. பிறகு நீர் திரும்பி வந்தது. ஏறக்குறைய இரண்டு கிழமைகளின் பின், செப்டெம்பர் 9ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. மேற்கு நோக்கிப் பறந்த நுண்தூசு நிலநடுக்கோட்டை ஒட்டி உலகை வலம்வந்து நம் வானத்தை அடைந்திருந்தது. ஒரே அளவான நுண்துகள்கள் செந்நிற ஒளியை அதிகம் சிதறடித்ததால் எஞ்சிய நிறம் அப்படித் தெரிந்தது. காலி முகத்திடலில் மாலைச் சூரியனைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கிழமையில் அங்கே நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். தூரத்து மலை ஒன்றை அவர்களில் எத்தனை பேரால் அந்தப் பச்சைச் சூரியனோடு தொடுத்துப் பார்த்திருக்க முடியும்?

அதே இடத்தில் 1927இல் புதிய தீவு ஒன்று கடலிலிருந்து தலைகாட்டியது. ‘கிரக்கட்டோவாவின் பிள்ளை’ என்பது அதன் பெயரின் பொருள். 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து, 400 பேருக்கு மேல் பலிகொண்ட அலையை எழுப்பியது.

அப்படியென்றால் 2004 சுனாமியும் எரிமலையால் வந்ததா?

இல்லை. 2004 டிசம்பர் 26 அலைகளை எழுப்பியது சுமாத்திராவுக்கு அப்பால் நடந்த 9.1 அளவு நிலநடுக்கம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று. நம் பக்கத்துத் தகடு அங்கே மற்றொரு தகட்டின் கீழே புதைகிறது. அந்தப் புதைவு சிக்கி விடுபடும்போது நிலம் அதிர்கிறது. அதுவே நீரை ஆழத்துக்குக் கொண்டுபோய் எரிமலைகளுக்கும் குழம்பு சேர்க்கிறது.

எந்தக் காரணத்தால் எழுந்த அலையானாலும், கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல் உள்நிலம் நோக்கி ஓடவேண்டும். அலை, கடல் பின்வாங்காமலே வருவதும் உண்டு. ஆகவே எச்சரிக்கை ஒலித்தால் கடலைப் போய்ப் பார்த்து உறுதிசெய்யக் காத்திருக்க வேண்டாம்.

எரிமலை குமுறப்போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நிலநடுக்கத்தைவிட நன்றாகச் சொல்லலாம். மேலேறும் மக்மா தடயம் விடாமல் வருவதில்லை. பாறையைப் பிளப்பதால் சிறுசிறு அதிர்வுகள் கூடும். மலை சில சென்ரிமீற்றர் உப்பும். செய்மதி அதை அளந்துவிடும். கந்தகவீரொட்சைட்டு வெளியேறும் அளவு மாறும்.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ ஏறத்தாழ 500 ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது. அடிவாரத்தில் வாழ்ந்தவர்களில் பலருக்கு அது எரிமலை என்றே தோன்றியிருக்காது. 1991இல் அதிர்வுகள் தொடங்கியதும் விஞ்ஞானிகள் கருவிகளோடு போய்ப் படுத்துக் கிடந்தார்கள். பல்லாயிரம் மக்களை வெளியேற்றினார்கள். ஜூன் 15 அன்று அது அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளுள் ஒன்றாக வெடித்தது. அதே வேளையில் சூறாவளியும் வந்து, நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் இடிந்து பல நூறு பேர் இறந்தார்கள். வெளியேற்றாமல் விட்டிருந்தால் ஆயிரக்கணக்கானோர் இறந்திருப்பார்கள். ஆர்மெரோவையும் பினாட்டுபோவையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். இடையில் ஆறே ஆண்டுகள்.

ஆனால் நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்ல முடியாது. வாக்காரியில் நடந்ததுபோல, சூடான நீர் திடீரென்று ஆவியாகி வெடிப்பவை மிகக் குறைந்த அறிகுறியே காட்டும்.

அணைந்த எரிமலை, உறங்கும் எரிமலை: என்ன வேறுபாடு?

உறங்குவது மறுபடி குமுறக்கூடியது. அணைந்ததற்குக் குழம்பு வரும் வழியே இல்லாமல் போயிருக்கும். இரண்டுக்கும் இடையிலான கோடு மெல்லியது; பினாட்டுபோவே சாட்சி.

எங்கோ எரிமலை குமுறினால் விமானங்களை ஏன் நிறுத்துகிறார்கள்?

சாம்பல் கண்ணாடித்தூள் என்று மேலே சொன்னேன். விமான இயந்திரத்தின் உள்ளே அது உருகும் அளவுக்குச் சூடு இருக்கிறது. உருகிய தூள் உள்ளே போய் ஒட்டி உறைந்து காற்றோட்டத்தை அடைக்கும். 1982 ஜூன் 24 இரவு, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் தெரியாமல் நுழைந்த பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானத்தின் நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. கீழே இறங்கித் தெளிந்த காற்றுக்கு வந்த பிறகு அவை மறுபடி இயங்க, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. சாம்பல் மேகம் வானிலை ராடாரில் தெளிவாகத் தெரியாது, அதுவே பெரிய ஆபத்து.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் பனிமூடிய எரிமலை ஒன்று குமுறியபோது ஐரோப்பிய வான்வழி நாட்கணக்கில் மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பறப்புகள் நின்றன. எங்கள் ஒழுங்கையில் ஒரு கல்யாண வீட்டுக்கு லண்டனிலிருந்து வரவேண்டிய மாமாவும் மாமியும் அப்படித்தான் வராமல் போனார்கள். தாலி கட்டும் நேரத்தில் அவர்களுக்குத் தொலைபேசியில் மேளச் சத்தம் கேட்க வைத்தார்கள்.

எரிமலை குமுறினால் உலகம் சூடாகுமா?

சில ஆண்டுகளுக்குக் குளிரும். பெரிய வெடிப்பு கந்தகவீரொட்சைட்டை மழைமேகங்களுக்கு மேலே அனுப்பினால், அங்கே அது நுண்துளிகளாகிச் சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பிவிடும். பினாட்டுபோவுக்குப் பிறகு உலகச் சராசரி ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததன் விளைவாக, 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. பயிர் பொய்த்துப் பஞ்சம் வந்தது. இன்றைய புவி வெப்பமாதலுக்கு எரிமலைகளைக் காரணம் காட்டுவோர் இருக்கிறார்கள். மனிதர் ஆண்டுதோறும் வெளியிடும் காபனீரொட்சைட்டில் மிகச் சிறு பங்கைத்தான் எரிமலைகள் வெளியிடுகின்றன.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஆட்கள் ஏன் அங்கே குடியிருக்கிறார்கள்?

மண்தான். சாம்பல் உக்கினால் வளமான மண். ஜாவாவில் அதனால்தான் மலையடிவாரம்வரை நெல்வயல். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை; 2004க்குப் பிறகும் நம் மீனவர் கடற்கரையைவிட்டுப் போகவில்லை.

எரிமலையின் வாயைச் சீமெந்து போட்டு அடைத்துவிட முடியாதா?

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் கேட்டது; மிக நல்ல கேள்வி. இயற்கையே சில வேளை அப்படி அடைத்துவிடுகிறது. தடித்த குழம்பு வாயிலேயே உறைந்து மூடியாகும். அதன் பிறகு வாயு கீழே சேர்ந்துகொண்டே போகும். குலுக்கிய சோடாப் போத்தலின் மூடியை இறுக்குவது போன்ற வேலை அது.

கண்காட்சிக்கு அப்பச்சோடாவும் வினாகிரியும் வைத்து எரிமலை செய்யலாமா?

செய்யலாம், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே நடப்பது இரண்டு பொருள்கள் சேர்ந்து புதிய வாயுவை உண்டாக்குவது. எரிமலையில் வாயு ஏற்கெனவே கரைந்திருக்கிறது. அமுக்கம் குறைவதால் பிரிகிறது. அதைக் காட்டச் சோடாப் போத்தலே போதும்: ஒன்றைக் குலுக்காமலும் ஒன்றை மெதுவாகக் குலுக்கியும் முற்றத்தில் வைத்துத் திறந்து காட்டுங்கள்.

அடுத்ததாக இரண்டு கிண்ணம் எடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த அரிசிமாக் கூழ். பிள்ளையிடம் ஒரு ஸ்ட்ரோவைக் கொடுத்து, முதலில் தண்ணீருக்குள் ஊதச் சொல்லுங்கள். பிறகு கூழுக்குள். எது இலகுவாக இருந்தது, எது தெறித்தது என்று அவரே சொல்லட்டும். தொடங்குமுன் மேசையில் பழைய பத்திரிகைத் தாளை அகலமாக விரித்துவிடுங்கள். பள்ளிச் சட்டையையும் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள்.